வெள்ளோட்டம்

புதிதாய்க் கட்டிய வள்ளத்தைக் கரையோரத்து அமைதி நீரில் ஓட்டிப் பார்த்தல் வெள்ளோட்டமாகாது. குறிகட்டுவானுக்கு அப்பால், சோளகம் வீசும் நாளிலே, பாரத்தோடு ஓட்டிப் பார்த்தாலன்றி நெடுந்தீவுக்கு ஆளேற்ற இயலுமோ? தமிழாசிரியனாகிய யான் இதனைக் கற்றது கடலிலன்று, கணினியிலே.

சில ஆண்டுகளின் முன், யான் படிப்பிக்கும் தீவகப் பாடசாலைக்குப் பழைய மாணவர் ஒருவர் புள்ளிகளைப் பதியும் மென்பொருளொன்றை ஆக்கி அன்பளிப்பாகத் தந்தார். தம் அறையிலே பத்துப் பெயர்களை இட்டுச் சோதித்திருந்தார், பிழையின்றி இயங்கிற்று.

தவணை முடிவில் ஒரு மாணவியின் தேர்ச்சி அறிக்கையில் எல்லாப் பாடங்களுக்கும் பூச்சியம். கடற்றொழிலாளராகிய தந்தை அதனைக் கையிற் பிடித்தபடி வந்து, "பிள்ளை இரா இராவாய்ப் படிச்சவள், மாஸ்டர்" என்றார். வேறொன்றுஞ் சொல்லவில்லை. அவள் மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை. அவ்வறிக்கையைப் பாராமலே ஒப்பமிட்டவன் யான்.

அன்றிரவு இடாப்போடு ஒத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அவள் பெயர் கணினியில் இரண்டாக இருந்தது. கௌரி, கௌசல்யா போல ஔகாரம் ஏறிய பெயர் அது. ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போன்றது. பாமினி எழுத்துருவில் ளகர விசையையே அதற்கும் அடிப்பர். 1991இல் தமிழை ஏற்ற யுனிகோட் முறையிலோ இரண்டுக்கும் வெவ்வேறு எண்கள். பாமினியிலிருந்து மாற்றிய இடாப்பில் ஒரு பெயர். யான் பதிந்த புள்ளிகளோடு மற்றொரு பெயர். இயந்திரம் இருவரெனக் கொண்டது.

பெரியோர்க்கும் இது நேர்ந்துளது. ஏரியான் 4 ஏவுகலத்திற் பழுதின்றி ஓடிய நிரலை, ஏரியான் 5இன் பறப்புக் கணக்கைக் கொண்டு சோதியாமலே அதில் எடுத்தாண்டனர். புதிய கலத்தின் கிடைவேகத்தைக் குறித்த எண் 16 பிட் இடத்துள் அடங்கவில்லை. 1996 யூன் 4ஆந் திகதி, புறப்பட்டு ஏறத்தாழ 40 செக்கனில் அது சிதறிற்று.

மாணவிக்குக் கையால் அறிக்கை எழுதிக் கொடுத்தேன், திரும்பி வந்தாள். மென்பொருள் ஆக்கியவரும் மறுநாளே திருத்தம் அனுப்பினார். எகரக் கொம்பேறிய எழுத்தின்பின் ளகரம் வரின் ஔகாரமாக்குக என்பது அவர் விதி. இலக்கணம் படித்தவனுக்கு ஐயம் எழாதிருக்குமா? வெள்ளையன் என்று இட்டேன்; பெயர் சிதைந்தது. வெள்ளோட்டம் என்னுஞ் சொல்லே அவ்விதிக்குத் தப்பவில்லை!

பின்னர் அவரே படகேறி வந்தார். இரண்டு நாள் இருந்து இடாப்பிலுள்ள பெயர் அனைத்தையும் இட்டோம். பெயரை நம்பாது சேர்விலக்கத்தால் மாணவரை அறியுமாறு மாற்றினார். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுனிகோட் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்வதால், 30 பைட் இடத்திலே சிவசுப்பிரமணியம் 'சிவசுப்பிர' என நின்றார். சிரித்தோம்; இடத்தையும் பெருக்கினோம். புள்ளி பதியும்போதே மின்னிணைப்பைப் பிடுங்கச் சொன்னேன். தயங்கினார். எங்கள் தீவில் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது? பிடுங்கினார், பாதி வகுப்பின் புள்ளிகள் மட்டும் பதிந்திருந்தன. பதிந்தால் முழுதும் பதிக, இன்றேல் ஒன்றும் பதியற்க என அதனையும் திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் பழைய சோதனைகள் யாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். அலுப்பான வேலைதான்.

அடுத்த தவணையில் அச்சான முதல் அறிக்கையை அம்மாணவியிடம் கொடுத்தேன். அவள் புள்ளிகளைப் பார்க்கவில்லை. தன் பெயரை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள்.