கிலோவுக்கு இரண்டு பவுன்

திருத்தணியில் வக்கீல் தொழில் பார்க்கிறவனுக்குப் பவுன் கணக்கு புதிதல்ல. சீரைத் திருப்பிக் கேட்கும் மனு, அடகுக்கடைத் தகராறு, பாகப்பிரிவினையில் பாட்டியின் காசுமாலை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டேயிருக்கும். ஆனால் ஒரு விமானக் கம்பெனி மேல் போட்ட வழக்கில் பவுன் கணக்குப் போட்டது ஒரே முறைதான். அதுவும் பெட்டிக்குள் பொட்டுத் தங்கம்கூட இல்லாத வழக்கு.

கட்சிக்காரர் பள்ளிப்பட்டுப் பக்கம். வீட்டில் எல்லோரும் தறி. இவர் மட்டும் ஷார்ஜாவில் ஒரு தையல் கடையில் பல வருஷம் இருந்துவிட்டு, விசாவை முடித்துக்கொண்டு 2002 வாக்கில் ஊருக்கே திரும்பினார். சென்னையில் அவர் இறங்கினார், பெட்டி இறங்கவில்லை. ஏர்போர்ட்டிலேயே புகார் எழுதிக் கொடுத்து நகலும் வாங்கியிருந்தார். விவரமான ஆள். பல மாதம் அலைந்த பிறகு கம்பெனியிடமிருந்து (பெயர் வேண்டாம்) ஒரு கடிதம் வந்தது. வருத்தம் ஒரு வரி, கணக்கு இரண்டு வரி. டேக்கில் கண்ட எடை 27 கிலோ, கிலோவுக்கு 20 டாலர், மொத்தம் 540 டாலர். அன்றைய மதிப்பில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்ச் சொச்சம்.

பெட்டியில் இருந்ததை அவர் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நிடோ டப்பா, டாங், கோடாலித் தைலம் ஒரு டஜன், போர்வை இரண்டு. இதெல்லாம் வளைகுடாவிலிருந்து வருகிற எந்தப் பெட்டியிலும் இருப்பவை. அதற்குக் கீழேதான் விஷயம். ஊரில் கடை வைக்கச் சேர்த்த லேஸ் உருளைகள், சரிகை பார்டர், கல் வைத்த கழுத்துப்பட்டிகள், தையல் மெஷினுக்கான உதிரிகள். பில்லும் வைத்திருந்தார். கூட்டினால் அறுபதாயிரத்தைத் தாண்டியது.

“எடை போட்டு எடுக்க இது என்ன பழைய பேப்பரா சார்?” என்றார்.

நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டு விமானப் பயணம் என்றால் அன்றைக்கு 1972-ஆம் வருஷத்து விமானப் போக்குவரத்துச் சட்டம். அதற்கு முன்னால் 1934-ஆம் வருஷத்துச் சட்டம். இரண்டுக்கும் தாய் 1929 அக்டோபர் 12-ஆம் தேதி வார்சாவில் கையெழுத்தான ஒப்பந்தம். பெட்டி தொலைந்தால் கிலோவுக்கு 250 பிராங்க், அதற்கு மேல் கிடையாது. மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கூடுதல் பணம் கட்டியிருந்தால்தான் விலக்கு. எந்தத் தையற்காரர் கவுன்டரில் நின்று அப்படி எழுதிக் கொடுக்கிறார்?

என் சீனியர் திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்த காலத்திலேயே, அதாவது 1960 ஏப்ரலுக்கு முன்னாலேயே, கறுப்புக் கோட்டு போட்டவர். தெலுங்குப் பத்திரத்தைத் தமிழ்க் கட்சிக்காரருக்குப் படித்துச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவர். விமானச் சட்டம் அவருக்கும் புதிது. ஆனாலும் தாளைப் பார்த்ததும், “ஏம்ப்பா, சட்டத்தைப் படிக்கிறதுக்கு முன்னாடி அது பொறந்த வருஷத்தைப் பாரு. அன்னிக்கு ஏரோப்ளேன் எப்படி இருந்துதுன்னு பாரு” என்றார். வழக்குக்காகத் தேட ஆரம்பித்து, வழக்குக்குத் தேவையில்லாததையும் சேர்த்துப் படித்தேன். அதில் வருத்தமில்லை.

வார்சாவில் உட்கார்ந்து எழுதியவர்கள் கண்ட விமானம் பெரும்பாலும் மரமும் துணியும்தான். அப்போது உலகமெங்கும் பறந்த ஃபோக்கர் மூன்று இன்ஜின் விமானத்தின் இறக்கை, மரச்சட்டத்தின் மேல் பசை போட்டு ஒட்டிய ஒட்டுப்பலகை. உடல், இரும்புக் குழாய்க் கூட்டின் மேல் இழுத்துக் கட்டிய துணி. 1931 மார்ச் 31 அன்று அமெரிக்காவின் கான்சாஸில் இந்த ரக விமானம் ஒன்றின் இறக்கை வானத்திலேயே முறிந்தது. நூட் ராக்னி என்ற புகழ்பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர் உட்பட எட்டுப் பேரும் போனார்கள். மரத்துக்குள் ஈரம் இறங்கிப் பசை விட்டுப்போயிருந்தது என்றார்கள். அதற்குப் பிறகு மர இறக்கையில் ஏற அமெரிக்கப் பயணிகள் தயங்கினார்கள். முழுக்க அலுமினியத்தில் செய்த டக்ளஸ் விமானங்கள் வந்தன. 1935 டிசம்பரில் டிசி-3 பறந்தது. நாம் இன்று விமானம் என்று நினைப்பதன் உருவம் அந்த நாலைந்து வருஷத்தில்தான் அமைந்தது. சட்டமோ அதற்கு முன்பே எழுதி முடிந்திருந்தது.

அன்றைய கம்பெனிகளுக்கு ஒரு விபத்து போதும், கடையைச் சாத்த. அதனால் டிக்கெட்டிலேயே ‘எதற்கும் பொறுப்பில்லை’ என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். வார்சாவில் நடந்தது ஒரு கொடுக்கல் வாங்கல்: அப்படி அச்சடிப்பது செல்லாது, தப்பு கம்பெனியுடையது என்றே வைத்துக்கொள்வோம், பயணி அதை நிரூபிக்க வேண்டாம், பதிலுக்கு நஷ்டஈட்டுக்கு ஒரு உச்சவரம்பு. தவழும் பிள்ளைக்குச் செய்த சலுகை என்று சொன்னால் தப்பில்லை. பிள்ளை வளர்ந்து நானூறு பேரைச் சுமக்கும் ஜம்போ ஆன பிறகும் சலுகை போகவில்லை என்பதுதான் என் கட்சிக்காரருக்கு வந்த வினை.

நம் பக்கத்துக்கு விமானத் தபால் வந்ததும் அதே சமயத்தில்தான். லண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் 1929 மார்ச் கடைசியில் சேவை தொடங்கியது. ஏழு நாள் பயணம், நடுவில் ரயிலும் கடல் விமானமும், கட்டணம் 130 பவுண்டு. கராச்சியிலிருந்து தபாலை எடுத்து 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா பம்பாய் வரை ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கி மறுநாள் சென்னைக்குக் கொண்டுவந்தார். புஸ் மாத் என்கிற ஒற்றை இன்ஜின் விமானம், மர இறக்கை, ரேடியோ கிடையாது. வரைபடத்தில் பெல்லாரிக்கும் சென்னைக்கும் நூல் பிடித்தால் அது நம் திருத்தணி மலைக்குச் சற்று வடக்கே புத்தூர் தலைக்கு மேலே போகிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது சீனியர்தான் சர் ஏ.டி. பன்னீர்செல்வத்தை ஞாபகப்படுத்தினார். நீதிக்கட்சியின் பெருந்தலை. இந்தியா மந்திரிக்கு ஆலோசகராகப் பதவி ஏற்க லண்டன் போனவர், 1940 மார்ச் 1 அன்று ஓமான் வளைகுடாவின் மேல் விமானத்தோடு காணாமல் போனார். மொத்தம் எட்டுப் பேர். விமானத்தின் பெயர் ஹானிபல். ஹேண்ட்லி பேஜ் 42 ரகம். இரண்டடுக்கு இறக்கை, நாலு இன்ஜின், மணிக்கு நூறு மைல் வேகம். 1930-இல் முதலில் பறந்தது. 1940-இல் அது கிழவி. அது ஜிவானியிலிருந்து போய்க்கொண்டிருந்த ஊர் ஷார்ஜா. 1932 முதல் இம்பீரியல் ஏர்வேஸ் பயணிகள் ராத்தங்க அங்கே ஒரு கோட்டை கட்டி வைத்திருந்தார்கள்.

“மஹட்டா கோட்டையா சார்?” என்றார் கட்சிக்காரர். “அந்த ரோடு வழியாத்தான் தெனம் கடைக்குப் போவேன். அந்த ரோடே பழைய ரன்வேன்னு சொல்லுவாங்க.”

கம்பெனிக்குச் சென்னையில் ஆபீஸ் இருந்ததால் சென்னை நுகர்வோர் மன்றத்தில் மனு போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய மனிதர், பேச்சில் மரியாதை. ஆனால் முதல் வாய்தாவிலேயே கத்தியை வைத்தார். இப்படிப்பட்ட வழக்கைப் போய்ச் சேரும் ஊரில் போடலாம் என்கிறது ஒப்பந்தம். போகவர டிக்கெட் என்றால் போய்ச் சேரும் ஊர் புறப்பட்ட ஊர்தான். ஆகவே இங்கே வழக்கு நிற்காது, ஷார்ஜாவில் போய்ப் போடட்டும் என்றார். ஆபீஸ் இருந்தால் போதாது, டிக்கெட் அந்த ஆபீஸில் வாங்கியிருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்கு அவர் காட்டிய தீர்ப்பு, கிரைன் எதிர் இம்பீரியல் ஏர்வேஸ், 1936. கிரைன் லண்டனிலிருந்து ஆன்ட்வெர்ப் போய்த் திரும்ப டிக்கெட் எடுத்தவர். 1933 டிசம்பர் 30 அன்று திரும்பும் வழியில் ‘அப்பல்லோ’ என்ற விமானம் பெல்ஜியத்தில் ருய்செலீட் என்னும் இடத்தில் ரேடியோ கம்பத்தில் மோதி, இருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். அதுவும் ஃபோக்கரைப் பார்த்து இங்கிலாந்தில் லைசென்ஸ் வாங்கிச் செய்ததுதான். அதே மர இறக்கை. பெல்ஜியம் அப்போது ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆகவே உச்சவரம்பு பொருந்துமா என்பது கேள்வி. போகவர டிக்கெட் ஒரே பயணம், தொடக்கமும் முடிவும் லண்டன், ஆகவே பொருந்தும் என்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகச் சொன்னது. இறந்தவரின் குடும்பத்துக்கு அது பெரிய அடி. எழுபது வருஷம் கழித்து அதே அடி பள்ளிப்பட்டுக்கு வந்தது.

வந்தது, விழவில்லை. லீவில் வருகிறவர்கள் எல்லோரும் போகவர டிக்கெட்டில்தான் வருவார்கள். இவர் விசாவை முடித்துக்கொண்டு வந்தவர். நான் எழுந்து டிக்கெட்டின் கார்பன் நகலை மன்றத் தலைவரிடம் நீட்டினேன். ஒரே கூப்பன். ஷார்ஜா, சென்னை. எதிர்த்தரப்புப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி டிக்கெட்டைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், பிறகு “அந்த ஆட்சேபணையை வற்புறுத்தவில்லை” என்று உட்கார்ந்துவிட்டார். நல்ல வக்கீலுக்கு அடையாளம் அது.

மிச்சமிருந்தது 250 பிராங்க். இந்த பிராங்கை எந்தப் பேங்கிலும் மாற்ற முடியாது. ஒப்பந்தமே அதற்கு விளக்கம் சொல்கிறது: ஒவ்வொரு பிராங்கும் 65.5 மில்லிகிராம் தங்கம், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு சுத்தம். காகிதப் பணம் சரியும், தங்கம் சரியாது என்று நம்பிய காலம் அது. இரண்டு வருஷத்திலேயே இங்கிலாந்து தங்கத்தைக் கைவிட்டது வேறு கதை. 250 பிராங்க் என்றால் 16.375 கிராம். சுத்தம் 900. நம் ஊர் நகைத் தங்கம் 916. ஆக, ஏறக்குறைய இரண்டு பவுன்.

கம்பெனி சொன்ன 20 டாலர் எங்கிருந்து வந்தது? 1973-இல் அமெரிக்கா கடைசியாக வைத்த அதிகாரபூர்வத் தங்க விலை அவுன்ஸுக்கு 42.22 டாலர். அந்த விலையில் பெருக்கினால் சரியாக 20 வருகிறது. நாங்கள் வழக்காடியபோது சந்தை விலை 300 டாலருக்கு மேல். மறு வாய்தாவில் இதைச் சொன்னபோது மன்றத்தின் பெண் உறுப்பினர் கையிலிருந்த கோப்பை மூடிவிட்டு, ஒரு துண்டுத் தாளில் தானே பெருக்கிப் பார்த்தார்.

“அப்போ கிலோவுக்கு ரெண்டு பவுனா?”

“ஆமாங்கம்மா. 27 கிலோவுக்கு 55 பவுன்.”

பின்வரிசையில் வேறு வழக்குக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அப்போது பவுன் நாலாயிரம் ரூபாய் சுமார். இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. நாங்கள் 55 பவுன் கேட்கவில்லை, அது உச்சவரம்புதான், எங்களுக்கு வேண்டியது பில்லில் உள்ள அறுபதாயிரம் மட்டுமே, அது வரம்புக்குள் வருகிறது என்று விளக்கினேன். பவுன் என்ற சொல்லுக்குப் பிறகு நான் சொன்னதை எவ்வளவு பேர் கேட்டார்களோ.

அடுத்த வாய்தாவுக்குப் பெரியவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1984 தீர்ப்போடு வந்தார். ஃபிராங்க்ளின் மிண்ட் என்ற நாணயக் கம்பெனி அனுப்பிய 714 பவுண்டு சரக்கைத் தொலைத்துவிட்டது டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனி. கேட்டது இரண்டரை லட்சம் டாலர். கிடைத்தது 6,475 டாலர் 98 சென்ட். சந்தைத் தங்க விலை செல்லாது, பழைய அதிகாரபூர்வ விலைதான் என்பது முடிவு. அந்தத் தீர்ப்பு அவர்கள் நாட்டு விமான வாரியம் ஒப்புக்கொண்ட கட்டணப் பட்டியலின் மேல் நிற்கிறது. நம் சட்டமோ பிராங்கை ரூபாயாக மாற்றும் நாள், நஷ்டஈடு நிர்ணயமாகும் நாள் என்கிறது. 1973-ஐப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை என்று பதில் சொன்னேன். இன்றைக்கும் அந்த வாதம் பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை.

உத்தரவு வரவில்லை. வராண்டாவில் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, நாற்பத்தைந்தாயிரம் என்றால் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்தத் தொகை எனக்குப் புரிந்தது. இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் கொடுப்பது பெட்டிக்காக அல்ல. தங்க விலை பற்றி ஒரு மன்றம் எழுத்தில் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு உத்தரவு வேண்டும் என்ற ஆசை. கட்சிக்காரருக்கு ஆடிக் கிருத்திகைக்குள் கடை திறக்க வேண்டும். திருத்தணிப் பக்கம் அந்த நாளுக்கு முன்னால் நடக்கும் தையல் வியாபாரம் அடுத்த ஆறு மாதத்துக்குச் சமம். வழக்கு அவருடையது, ஆசை என்னுடையது. அவர் சொன்னதுதான் சரி. செக் வாங்கிக்கொண்டு மனுவை வாபஸ் பெற்றோம்.

2009-இல் இந்தியா மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு மாறியது. பிராங்கும் போயிற்று, பெட்டிக்கு எடைக் கணக்கும் போயிற்று. இப்போது ஆளுக்கு இவ்வளவு என்று சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகில் ஒரு வரம்பு; 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அது 1,519. போன வருஷம் மஸ்கட்டிலிருந்து வந்த தன் அக்காள் மகனின் பெட்டி தொலைந்தது என்று அதே கட்சிக்காரர் வந்தார். “இப்ப கிலோவுக்கு எவ்வளவு சார்?” என்றார். பெட்டி அஞ்சு கிலோவானாலும் முப்பது கிலோவானாலும் வரம்பு ஒன்றுதான் என்றேன்.

“அப்ப நிடோ டப்பாவை விட்டுட்டு லேஸா மட்டும் கொண்டாரச் சொல்லியிருக்கலாம்” என்றார்.