மாமாவின் மொறிஸ் மைனர்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்கச் செய்யுளைப் பற்றியோ நாவலர் பெருமானின் உரைநடையைப் பற்றியோ ஒன்று என்பதை அறிவேன். ஆயினும் 2024ஆம் ஆண்டு முதல் என் சிந்தையை விட்டகலாத பொருள் வேறு. அது ஒரு பழைய காரின் முன்சில்லைத் தாங்கும் மூட்டு. அன்பர்கள் பொறுத்தருள்க.

என் தாய்மாமன் இக்கல்லூரியின் பழைய மாணவர். அவரிடம் ‘மொறிஸ் மைனர் ஆயிரம்’ என்னும் கார் ஒன்றிருந்தது. மைனர் வண்டி அலெக் இசிகோனிஸ் என்பாரின் ஆக்கம். 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1956இல் பெரிய இயந்திரம் பொருத்தப்பெற்று ‘ஆயிரம்’ என்னும் பெயர் பூண்டது. இத்தகைய வண்டிகள் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இன்றும் ஓடுவதைக் கண்டு வெளியூரார் வியப்பர். 1990ஆம் ஆண்டின் பின், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகியபோது, மண்ணெண்ணெயை உண்டும் ஓட வல்லனவாயிருந்தவை இக்கிழ வண்டிகளே. சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்புகையின் நெடியே என் பள்ளிப் பருவத்தின் நெடி.

திங்களுக்கொருமுறை மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கொன்றை விரித்து, வண்டியின் கீழே படுத்துவிடுவார். மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றும், இரு நுனியிலும் புரி வெட்டிய செங்குத்தான ஓர் இரும்புத் தண்டைப் பற்றி நிற்பது. அத்தண்டின் மேல்நுனி ஒரு ட்ரனியனுள்ளும் கீழ்நுனி மற்றொரு ட்ரனியனுள்ளும் திருகப்பட்டிருக்கும். ஸ்ரியறிங்கைத் திருப்புந்தோறும் தண்டு அப்புரிகளிலேயே சுழலும். சில்லை இழுத்துத் திருப்பும் கோலின் நுனியில் குண்டு மூட்டு ஒன்று உண்டு. ஆகப் பக்கத்துக்கு மூன்று. இரு பக்கமும் ஆறு. ஒவ்வொன்றிலும் கிறீஸ் ஏற்றுவதற்குச் சிறு முலை போன்ற நிப்பிள் ஒன்றுண்டு. மாமா அதனை ‘வாய்’ என்பார். “ஆறு வாய்க்கும் ஊட்டிப்போட்டுத்தான் நாங்கள் சாப்பிட வேணும்” என்பது அவர் கட்டளை. 1,000 மைலுக்கு ஒருமுறை என்று கைந்நூலிற் கண்டிருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை; ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் தவறார். ஜக் வைத்துச் சில்லை நிலத்தினின்றும் உயர்த்திய பின்னரே கிறீஸ் அடிப்பார். பாரம் இறங்கினாலன்றிப் பாரந்தாங்கும் முகத்துக்குக் கிறீஸ் சென்று சேராது. பழைய கிறீஸ் மணலும் நீருமாய்க் கறுத்து வெளியே பிதுங்கும். அதன் பின்னாற் புதியது தூய நிறத்தோடு தலைகாட்டும்வரை கையை எடுக்கமாட்டார். கிறீஸ் அகப்படாத தடைக் காலத்தில் கழிவொயிலையேனும் துணியில் தோய்த்துப் பிழிந்து விட்டதை நான் கண்டிருக்கிறேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, அவ்வண்டி என் பாட்டியாரையும் நோயாளர் இருவரையும் எங்கள் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து, சனத்திரளினூடே நாவற்குழிப் பாலம் வரை நத்தைபோல் ஊர்ந்தது. சில்லுக்கு அருகே நடந்து சென்றேன். நூற்றுக்கணக்கான முறை திருப்பி நிறுத்தித் திருப்பினார் மாமா. மூட்டு ஒன்றேனும் முனகவில்லை.

மாமா 2014இற் காலமானார். வண்டி எனக்கு வந்தது. நான் அதனைக் கழுவினேன். எஞ்சின் ஒயில் மாற்றுவித்தேன். ஆண்டுதோறும் ஆயுதபூசையன்று ஸ்ரியறிங் சில்லுக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்தினேன். கீழே மட்டும் படுத்தேனல்லேன். வெள்ளை வேட்டி காரணமென்று சொல்லலாம். 2022இல் எரிபொருட் பஞ்சத்தின்போது மாதக்கணக்கில் வளவில் மழையில் நனைந்து நின்ற வண்டியை மீண்டும் எடுத்தபோது, திருப்புதல் கடினமாயிருந்தது. படலையில் வளைக்கையில் ‘கிறீச்’ என்றது. ரயரின் ஒருபுறம் மட்டுமே தேய்ந்தது. கிழடு அப்படித்தான் என்றிருந்தேன்.

2024இல் ஒருநாட் காலை, தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு மாணவர் இருவரை ஏற்றிச் சென்றேன். பஸ்களுக்கிடையே காங்கேசன்துறை வீதியில் 40 மைல் வேகத்திற் சென்று, போட்டி நடைபெறும் பாடசாலை வாயிலில் மெல்லத் திருப்பினேன். ‘மடார்’ என்றது. வலது முன்சில்லு வெளிப்புறமாய் மடிந்து மட்காட்டுக்குள்ளே போயிற்று; வண்டி ஒட்டகம்போல் முழந்தாளிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் அது நிகழ்ந்திருப்பின் எவ்வாறிருக்கும் என்பதையே எண்ணினேன். இன்றும் சில இரவுகளில் எண்ணுகின்றேன்.

வண்டியை இழுத்துச் சென்றவன் என் பழைய மாணவன். தமிழில் ஒருபோதும் நாற்பதைத் தாண்டாதவன். வகுப்பறைச் சாளரத்தினூடே தெருவிற் செல்லும் வாகனங்களையே பார்த்திருப்பான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் மூன்று தவணையும் ‘கவனம் போதாது’ என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அவன் கீழ் ட்ரனியனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். உள்ளே புரியென்று சொல்லத்தக்கது எதுவுமில்லை, குழாய்போல் வழுவழுப்பாயிருந்தது. வண்டியின் பாரம் தண்டை அதனினின்றும் பிடுங்கவே எந்நேரமும் முயல்வது. புரி தேய்ந்தொழிந்தபின் தடுப்பதற்கு வேறொன்றுமில்லை.

“சேர், கடைசியாக் கிறீஸ் அடிச்சது எப்ப?” என்றான்.

விடையின்றி நின்றேன். அவனும் வற்புறுத்தவில்லை.

இடப்பக்கத்தையும் ஆராய்ந்தான். சில்லை உயர்த்தி மேலும் கீழுமாய்ப் பற்றி ஆட்டினான், ஆடிற்று. என்னைப் பிறேக்கை மிதிக்கச் செய்து மீண்டும் ஆட்டினான்; அப்போதும் ஆடிற்று. பிறேக்கோடு ஆட்டம் நின்றிருப்பின் குற்றம் போறிங்கினது. நில்லாமையால் மூட்டினது என்றான். இத்துணைத் தெளிவாய்க் காரணகாரியம் எழுதிய விடைத்தாள் ஒன்றையும் அவனிடமிருந்து நான் பெற்றதில்லை. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் புரி எதிரெதிரானது. மாறிக் கொடுப்பாரும் உளர் என்று கடைக்குத் தானே சென்று பார்த்து வாங்கிவந்தான்.

குண்டு மூட்டுகளையும் மாற்றினோம். கையின் இருபுறமும் இரண்டு சுத்தியல்களால் ஒரேநேரத்தில் அடிக்க, நெடுநாட் பற்றியிருந்த மூட்டு தானே கழன்று வீழ்ந்தது. கோலினின்றும் அதனைத் திருகியெடுக்கும்போது, “எத்தனை சுற்று எண்டு எண்ணுங்கோ, சேர்” என்றான். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினாற்றான் சில்லுகளின் நேர் பெரிதும் பிசகாது. பதினேழு என்றேன். “பதினெட்டு, சேர்” என்று சொல்லி, மீண்டும் ஏற்றி மீண்டும் இறக்கிக் காட்டினான். பதினெட்டுத்தான்.

மாலையாயிற்று. எல்லாம் பூட்டிமுடிந்தபின் கிறீஸ் ஏற்றும் கருவியை என் கையிற் தந்து, சாக்கொன்றையும் விரித்துவிட்டு, “சேர் ஒருக்கா அடியுங்கோ பாப்பம்” என்றான். வேட்டியோடு படுத்தேன். ஐந்து வாய்களிலும் கிறீஸ் பிதுங்கி வந்தது. ஆறாவதில் வரவில்லை. அவன் குனிந்து பார்த்தான்.

“நிப்பிளுக்கை மண் அடைச்சிருக்கு. துடைச்சுப்போட்டுத் திரும்ப அடியுங்கோ, சேர்.”

துடைத்துவிட்டுத் திரும்ப அடித்தேன்.