கியூப் பாஸ், ரோடு ஃபெயில்

சிமெண்ட் ரோடு வழக்கு என்றால் இரண்டு தரப்பும் முதலில் தூக்கிக்கொண்டு வருவது கியூப் ரிப்போர்ட்டைத்தான். 28 நாள் ஊறிய கலவை எவ்வளவு அழுத்தம் தாங்கியது என்று சொல்லும் காகிதம். பாஸ் என்றால் காண்ட்ராக்டர் யோக்கியர், ஃபெயில் என்றால் திருடர். கொங்குப் பகுதி நகராட்சி ஒன்றின் மேல் நான் நடத்திய வழக்கில் கியூப் அத்தனையும் பாஸ். ரோடு மட்டும் இரண்டாவது மழைக்காலத்துக்குள் மூலைக்கு மூலை உடைந்து கிடந்தது.

ரோடு போட்ட காண்ட்ராக்டரான என் கட்சிக்காரருக்கு இறுதி பில் வரவில்லை, டெபாசிட்டும் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, ரோட்டைச் சரிசெய்யும் செலவையும் அவரிடமே வசூலிக்கப்போவதாக ஓர் உத்தரவு. "கலவையில ஒரு குறையும் இல்லீங்க சார். எந்த லேபுக்கு வேணும்னாலும் அனுப்பிப் பாருங்க" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நகராட்சியின் எதிருரையோ 'தரமற்ற கலவை' என்ற ஒரே பல்லவி. இருவரும் கலவையைப் பற்றியே பேசியது எனக்கு உறுத்தியது. ஊர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம், இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 58 என்ற வடிவமைப்பு வழிகாட்டியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதன் சாரம் இது. தார் ரோடு பாரத்தை அடுக்கடுக்காகக் கீழே மண்ணுக்கு இறக்கிவிடும். கான்கிரீட் ஸ்லாப் பலகை மாதிரி வளைந்து தாங்கும். வளையும்போது ஒரு முகம் அமுங்கும், மறுமுகம் இழுபடும். அமுக்கினால் எம்.30 கலவை சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும். வளைத்தால் 4 நியூட்டனைக்கூடத் தொடாது. கியூபை நாம் நசுக்கித்தான் சோதிக்கிறோம். ரோட்டில் ஸ்லாப் உடைவது வளைந்து. ராத்திரியில் மேல்முகம் குளிர்ந்து சுருங்க, ஸ்லாபின் மூலைகள் லேசாக மேலே தூக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் லோடு வண்டியின் பின் அச்சு மூலையில் ஏறினால் விரிசல் மேலிருந்து கீழே இறங்கும்.

அதைவிட என்னை உலுக்கியது அந்த வழிகாட்டியில் இருக்கும் ஒரு கணக்கு. சக்கரத்தால் வரும் வளைவு அழுத்தம் ஸ்லாபின் வளைவு வலிமையில் 0.45 பங்குக்குள் இருந்தால், எத்தனை தடவை வண்டி போனாலும் அதற்குக் களைப்பில்லை. 0.55 ஆனால் ஏறத்தாழ 1,24,000 தடவைதான் தாங்கும். 0.70 ஆனால் 2,000 தடவைகூடக் கிடையாது. அடியில் மண் கொஞ்சம் விலகினாலும் போதும், இந்தப் பங்கு ஏறிவிடும். ஆகவே நான் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: மேலே என்ன வண்டி போனது, கீழே என்ன இருந்தது.

கீழே என்ன இருந்திருக்க வேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகலில் இருந்தது. முதல் எஸ்டிமேட்டில் 200 மில்லிமீட்டர் ஸ்லாபுக்கு அடியில் 150 மில்லிமீட்டர் மெலிந்த கான்கிரீட், ரோட்டோரம் வடிகால். நிதி போதவில்லை என்று திருத்திய எஸ்டிமேட்டில் இரண்டும் காணாமல் போய், இறுக்கிய கிராவல் மட்டும் மிஞ்சியது. மேலே ஸ்லாபின் கனத்தைக் குறைத்தால் கண்ணில் பட்டுவிடும். அடியில் குறைத்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? எஸ்டிமேட்டில் கத்தரி விழும்போது முதலில் போவது எப்போதும் வடிகால்தான்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26-இன்கீழ் மனுப் போட்டு அட்வகேட் கமிஷனர் நியமனம் வாங்கினேன். அவர் பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு இடத்துக்கு வந்தார். மூன்று இடங்களில் ஸ்லாபைத் துளைத்துக் கோர் எடுத்தார்கள். ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் தர விதியின்படி மூன்றின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதம் இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. மூன்றுமே தாண்டின, கனமும் சரி. நகராட்சி வக்கீலுக்கு முகம் வாடிவிட்டது. என் கட்சிக்காரர் அப்போதே வழக்கு முடிந்ததாகச் சிரித்தார்.

பேராசிரியர் அங்கே நிற்காமல் ஜாயிண்ட் ஜாயிண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். பல ஜாயிண்டுகளை ஒட்டி, கக்கிவிட்டுப் போனதுபோல் வெளிறிய சேறு விசிறியடித்துக் காய்ந்திருந்தது. வடிகால் இல்லாத பக்கம்தான் அதிகம். முக்கோணமாக உடைந்த ஒரு மூலைத் துண்டைக் கடப்பாரையால் நெம்பி எடுக்கச் சொன்னார். பக்கத்து ஸ்லாபின் அடிக்கும் கிராவலுக்கும் நடுவே கமிஷனரின் கை மணிக்கட்டு வரை போயிற்று. கையை வெளியே எடுத்தபோது விரலெல்லாம் சேறு. மழைநீர் ஜாயிண்ட் வழியே இறங்கித் தேங்கும். ஒவ்வொரு டிப்பரும் ஸ்லாபை அமுக்கும்போது அந்தத் தண்ணீர் மெல்லிய மண்ணையும் சேர்த்துக்கொண்டு வெளியே பீறிடும். அப்படியே அடி காலியாகிப்போயிருந்தது.

குறுக்கு விசாரணையில் நகராட்சிப் பொறியாளரிடம் கலவையைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் சாட்சியம் பதிவானது இப்படி: "சாலையின் மறுமுனையில் கல்குவாரி இயங்குகிறது என்றால் சரிதான். டிப்பர் லாரிகள் அவ்வழியே செல்கின்றன என்றால் சரிதான். மதிப்பீடு தயாரிக்கும்போது வாகனக் கணக்கெடுப்பு எதுவும் செய்யவில்லை என்றால் சரிதான். மெலிந்த கான்கிரீட் அடுக்கு நிதிப் பற்றாக்குறையால் நீக்கப்பட்டது என்றால் சரிதான். அதனால்தான் ஸ்லாப் உடைந்தது என்று சொன்னால் சரியல்ல." முதல் எஸ்டிமேட்டின் அசல் கோப்பைத் தாக்கல் செய்யச் சொன்னதற்கு, கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். கைவசம் இருக்க வேண்டிய சான்றை மறைப்பவருக்கு அது பாதகம் என்று ஊகிக்க, அப்போது நடப்பில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு இடம் கொடுத்தது. குவாரிக்காரரை ஏன் பிரதிவாதியாகச் சேர்க்கவில்லை என்று ஜூனியர்கள் கேட்பார்கள். சேர்த்திருந்தால் இன்றைக்கும் வாய்தா வாங்கிக்கொண்டிருப்போம்.

எங்கள் பக்கம் மேஸ்திரியைக் கூண்டில் ஏற்றினோம். அங்கேதான் ஒரு சறுக்கல். கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். சுருங்கும் இடத்தை நாம் முன்கூட்டியே கட்டரால் கோடு கிழித்துக் கொடுக்காவிட்டால் அது தன் இஷ்டத்துக்குப் பிளந்துகொள்ளும். போட்ட அன்று ராத்திரிக்குள் வெட்டியாக வேண்டும். நகராட்சி வக்கீல், சில ஸ்லாபுகளின் நட்டநடுவே குறுக்காக ஓடிய விரிசல்களின் போட்டோவைக் காட்டிக் கேட்டார். மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர். நீதிபதியைப் பார்த்து, "அன்னைக்கு ராத்திரி கட்டர் பிளேடு போயிருச்சுங்க ஐயா. மறுநா மத்தியானம்தான் வேற பிளேடு வந்துச்சு" என்றார். என் கட்சிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கு அது பாதகமாகத் தோன்றவில்லை. மேஸ்திரியின் மற்ற சாட்சியத்தை நீதிபதி அப்படியே நம்பியதற்கு அந்த ஒரு பதில்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இறுதி வாதத்தில் நகராட்சி பிடித்துக்கொண்டது குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தை. அந்தக் காலத்துக்குள் எந்த விரிசல் வந்தாலும் காண்ட்ராக்டர் பொறுப்பு என்றார்கள். ரோடு போட்டவர் அதற்கு ஜாமீன் நிற்பது புதிதல்ல. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து பெல்ஃபோன்டைன் ஊரில் 1890-களில் ஜார்ஜ் பார்தலோமியு கான்கிரீட் தெரு போட்டபோது, ஐந்து வருஷம் தாங்கும் என்று 5,000 டாலருக்கு உத்தரவாதப் பத்திரம் கொடுத்தார். கோர்ட் அவென்யூ என்ற அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. ஆனால் அவர் தன் யோசனைக்கும் தன் கலவைக்கும் தானே ஜாமீன் நின்றவர். என் கட்சிக்காரர் போட்டது இன்னொருவர் வரைந்து, இன்னொருவர் வெட்டிக் குறைத்த ரோடு. செய்த வேலையின் குறைக்கு அவர் பொறுப்பு. வடிவமைப்பின் குறைக்கு எப்படிப் பொறுப்பாவார்? அதோடு, ஒப்பந்த மீறல் நடந்ததா என்பதே தகராறில் இருக்கும்போது, ஒப்பந்தத்தின் ஒரு தரப்பே நீதிபதியாகி நஷ்டத்தைத் தீர்மானிக்க முடியாது என்று 1987-இல் கர்நாடக அரசுக்கும் ராமேஸ்வரா ரைஸ் மில்லுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினேன். வசூல் உத்தரவு அதிலேயே ஆட்டம் கண்டது.

சார்பு நீதிபதி தீர்ப்பைப் பிரித்தே எழுதினார். நடுவே குறுக்காகப் பிளந்த ஸ்லாபுகள் காண்ட்ராக்டர் கணக்கில். அவற்றை மாற்றும் செலவு பில்லில் கழிய வேண்டும். மூலை உடைந்தவை நகராட்சி கணக்கில். வசூல் உத்தரவு செல்லாது. மீதி பில்லும் டெபாசிட்டும் வட்டியோடு தர வேண்டும்.

நகராட்சி அப்பீல் போட்டது, தடை வாங்கவில்லை. அப்பீல் போட்டதாலேயே டிக்ரி நின்றுவிடாது என்று எழுதிப் பார்த்தோம், பதில் இல்லை. நிறைவேற்று மனுவில், ஆணையரின் ஜீப்பை ஜப்தி செய்ய உத்தரவானது. அமீனா ஆபீஸ் வாசலில் போய் நின்ற மறுநாளே டிக்ரி தொகைக்குச் செக் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது.