யார் கூற்று?

காதலும் துன்பமும் கலந்த பாடலுக்குப் பொருள் காணப் புகுவோர், அது என்ன சொல்கிறது என்பதற்கு முன் அது யாருடைய கூற்று என்று கேட்பதே தமிழ் மரபு. தலைவி, தோழி, செவிலி என அகத்திணையில் பேசுவோரை வரையறுத்த தொல்காப்பியம், அன்பின் ஐந்திணையில் எவருடைய இயற்பெயரையும் சுட்டலாகாது என்றும் விதித்தது. பெயர் நீங்கியதால் அப்பாட்டின் துன்பத்தைக் கேட்போர் எவரும் தமதாக்கிக்கொள்ள வழி பிறந்தது.

யார் கூற்று என்று கேட்கும் இம்முறையை மிக விரித்துக் கையாண்டவர்கள் வைணவ உரையாசிரியர்கள். அவர்களுக்கு வழி திறந்துவிட்ட இராமானுசர் 1017இல் பிறந்த ஊர், இன்று கார்களுக்கும் கைப்பேசிகளுக்கும் பெயர்பெற்ற ஸ்ரீபெரும்புதூர். அவர் இயற்றியனவாகப் போற்றப்படும் 9 நூல்களும் வடமொழியில் அமைந்தவை. ஆயினும் நம்மாழ்வாரின் தமிழ்ப் பாசுரங்களான திருவாய்மொழிக்கு முதல் உரை எழுதும் பொறுப்பை அவர் தம் மாணவர் திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் ஒப்படைத்தார். அவ்வுரை ஆறாயிரப்படி எனப்படும். ‘படி’ என்பது 32 எழுத்துகள் கொண்ட அளவு. பின்னர் நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ‘ஈடு’ 36,000 படியாக வளர்ந்தது.

திருவாய்மொழியின் 100 பதிகங்களில் 27 பெண் குரலில் அமைந்தவை. தலைமகள் கூற்று 17, தாய் கூற்று 7, தோழி கூற்று 3 என உரை மரபு எண்ணிவைத்துள்ளது. இங்குப் பாட்டின் வெளிப்படையான காதற்பேச்சு ‘அன்யாபதேசம்’ என்றும், அதனுள் உறையும் சமயப்பொருள் ‘ஸ்வாபதேசம்’ என்றும் வழங்கப்படும். உட்பொருள் நோக்கில், தோழி என்பது இறைவனோடுள்ள உறவை உணர்ந்த நிலை. தாய் என்பது அவனே வழி என்று உறுதிகொண்டு, அவன் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லும் நிலை. மகளோ பொறுக்கமாட்டாமல் துடிக்கும் நிலை. மூவரும் ஒரே நெஞ்சின் மூன்று குரல்கள் என்னும் இவ்விளக்கம் நுட்பமானதுதான். ஆயினும் முதல் அடியிலேயே தத்துவத்துக்குத் தாவும் உரை, பாட்டிலுள்ள வலியை விழுங்கிவிடும். அழுகிறவளின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பிறகே தத்துவம் பேசுவதால்தான் ஈடு இன்றும் சுவைக்கிறது.

திருவாய்மொழியின் திருக்கோளூர்ப் பதிகம் தாய் கூற்று. வீட்டை விட்டுத் தனியே புறப்பட்ட மகள் சென்று சேரும் ஊர் அதுவே எனத் தேறியபின்னும், அந்தத் தாயின் மனம் ஆறுவதில்லை. இன்றும் மகள்கள் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 2024இல் திறக்கப்பட்ட விடுதி 18,720 பேர் தங்கத்தக்கது. அத்தனை பேருக்குப் பின்னாலும் தொலைவில் ஒரு வீடு உண்டு என்று எண்ணும்போது, அப்பதிகம் பழம்பாட்டாகத் தோன்றுவதில்லை. மகள் போனது காதலுக்காக அன்று, சம்பளத்துக்காக என்று மறுப்போர் இருக்கலாம். தாய் கூற்றுக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படுவதில்லை.

இன்றைய திரைப்பாடலுக்கும், இன்னார் இன்னாரிடம் இன்ன நிலையில் பாடுகிறார் என்னும் ‘சிச்சுவேஷன்’ உண்டு. நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் அப்பாடலே இயர்போன் வழியாக ஒலிக்கும்போது, கதையும் நாயகன் பெயரும் உதிர்ந்து, தொல்காப்பியர் விதித்த பெயரின்மை தானே வந்து சேர்கிறது. ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்ட இருவரில் ஒருத்திக்கு அது தலைமகள் கூற்று; பொங்கல் வரை பொறுத்துக்கொள் என்று அம்மா சொன்னதை நினைத்திருப்பவளுக்கு, நாயகன் பாடும் அதே பாட்டு தாய் கூற்று.