ஒழுக்கும் ஒரு முழத் தகடும்

புயலில் கூரை பறந்தால் அது செய்தி. மழையில் கூரை ஒழுகினால் அது செய்தியல்ல. முப்பது வருடங்களாகப் பத்திரிகைக் காரியாலயங்களில் செய்தி மேசையில் அமர்ந்திருந்தவன் என்ற வகையில் இதனை நான் நன்கறிவேன். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியபோது, முழுமையாகச் சேதமடைந்த வீடுகள் எத்தனை, பகுதியளவில் சேதமடைந்தவை எத்தனை என்ற கணக்கே நாள்தோறும் எங்கள் மேசைக்கு வந்தது. அந்தக் கணக்கில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு சேதம் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் எங்கள் வீடுகளில் நடந்துகொண்டேயிருக்கிறது. படுக்கையறை மூலையில் ஒரு வாளியும் சாமியறையில் ஒரு சட்டியும் வைத்துவிட்டு வீட்டுக்காரர் படுக்கச் செல்கிறாரே, அந்தச் சேதத்தைத்தான் சொல்கிறேன்.

ஒழுக்கு என்றதும் எல்லோருடைய கண்ணும் முதலில் ஓட்டின் மீதே போகிறது. ஓடு பழசாகிவிட்டது, ஆகவே கூரையை மாற்றவேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பணமும் வந்து சேர்கிறது. இரண்டு தலைமுறைக்கு உழைத்த ஓடும் அதைத் தாங்கிய பனங்கைமரமும் ஒரே வாரத்தில் இறக்கப்பட்டு, வர்ணம் பூசிய தகடு ஏறுகிறது. அடுத்த மாரியில் அதே மூலை மறுபடியும் ஒழுகுவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன்.

காரணம் சிக்கலானதல்ல. நல்ல ஓடு பாவிய கூரை அதன் நடுப்பரப்பில் ஒழுகுவது குறைவு. கூரை வேறொன்றைச் சந்திக்கும் இடத்திலேயே ஒழுக்கு பிறக்கிறது. இரண்டு சாய்வுகள் கூடும் மூலை, சாய்வு சுவரில் முட்டும் விளிம்பு, குசினியின் புகைக்கூடோ ஒரு குழாயோ கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடம் என்பனவே அவை. இச்சந்திகளில் மழைநீரை ஏந்தி வெளியே அனுப்புவதற்கென்று ஒரு தகடு உண்டு. ஆங்கிலத்தில் இதைப் பிளாஷிங் என்பார்கள். தமிழில் நிலைபெற்ற ஒரு சொல்லை நான் கண்டதில்லை. எங்களூர் மேசன்மார் ‘தகரம் விடுறது’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் இங்கே மூட்டுத் தகடு என்று எழுதுகிறேன். இதைவிட மேலான சொல் வைத்திருப்பவர்கள் அறியத் தந்தால் மகிழ்வேன்.

ஓலைக்கூரைக்கு மூட்டுத் தகடு தேவைப்படவில்லை. செங்குத்தான சாய்வில் தடிப்பாக வேயப்படும் ஓலை, மூலை வந்தால் தானே வளைந்து மூடிக்கொள்ளும். ஓடு வளையாது. 1865 இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலையை நிறுவிய பின்னர், ஒன்றோடொன்று கொளுவும் அவ்வகை ஓடு இலங்கைக்கும் வந்து கள்ளிக்கோட்டை ஓடு என்ற பெயரில் நிலைத்துவிட்டது. நெருப்புக்கும் காற்றுக்கும் ஓலையைவிட அது நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஆனால், மூலையில் அதை வெட்டித்தான் வைக்கவேண்டும். வெட்டிய இடத்தின் கீழே நீரை ஏந்த ஒரு பீலி வேண்டும். எங்கள் நாற்சார் வீடுகளைச் சற்று எண்ணிப்பாருங்கள். நான்கு புறத்துச் சாய்வுகளும் நடுமுற்றத்தை நோக்கி இறங்குகின்றன. அவை ஒன்றையொன்று சந்திக்கும் நான்கு கோடுகளிலும் நான்கு மூலைப் பீலிகள். கட்டடக்கலை மரபென்று நாம் கொண்டாடும் அந்த வீட்டின் ஆயுள், கண்ணுக்குத் தெரியாத அந்த நான்கு தகடுகளில் தங்கியிருக்கிறது.

கொக்குவிலில் எனக்கு உறவினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீடு இத்தகையது. 1938 இல் கட்டப்பட்டது. எண்பது வயதைக் கடந்த அவர் தனியே இருக்கிறார். தென்மேற்கு மூலையில் ஒழுகிய நீர், அவருடைய காலஞ்சென்ற கணவரின் புத்தக அலுமாரிக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. கனடாவிலுள்ள மகன் கூரை முழுவதையும் மாற்றுவதென்று தீர்மானித்து, ஒப்பந்தகாரர் ஒருவரிடம் மதிப்பீடும் பெற்றுவிட்டார். ரீச்சருக்கு மனமில்லை. கூரையை இறக்கினால் இரண்டு மாதமாவது வேறெங்காவது போயிருக்க வேண்டும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தபோது அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர் அவர். இந்த வயதில் இன்னொரு தடவை பூட்டிக்கொண்டு போக அவர் ஆயத்தமாக இல்லை. ஊரிலுள்ள முதிய மேசன் ஒருவரை அழைத்தார். அன்று நானும் அங்கிருந்தேன்.

மேசனார் ஏணியைத் தொடமுன்னர் றப்பர்க் குழாயைக் கேட்டார். உதவியாளைக் கூரையின் கீழ் விளிம்பில் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் உள்ளே ரோர்ச் விளக்குடன் நின்றார். பிறகு சற்று மேலே, அதற்குப் பிறகு இன்னும் மேலே. எடுத்த எடுப்பில் உச்சியிலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எது வழியென்று தெரியாமற் போய்விடும். நீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு பல அடி தூரம் ஓடிவந்து, ஓர் ஆணியிலோ சிலாகையிலோ தடைப்பட்டுத்தான் கீழே விழும். அலுமாரிக்கு நேர்மேலே இருந்த ஓடுகளை மாற்றுவதற்கு ஏற்கெனவே இரண்டு தடவை காசு செலவாகியிருந்தது.

“ரீச்சர், ஓட்டிலை ஒரு பிழையுமில்லை. மூலைப் பீலிதான் செத்துப்போச்சு,” என்றார் மேசனார்.

“அப்ப கூரையை இறக்கத் தேவையில்லையோ?”

“அந்த மூலையிலை ரெண்டு வரி ஓட்டைக் கழட்டினாக் காணும். நீங்கள் வீட்டிலையே இருங்கோ.”

ஓடுகளைக் கழற்றியபோது நான் கண்டதை ஒரு செய்தியாளனின் ஆர்வத்தோடு குறித்துக்கொண்டேன். அடியில் முதலில் இட்ட நாகத் தகடு சல்லடையாக இருந்தது. அதற்குமேல் தட்டி நிமிர்த்திய எண்ணெய்ப் பீப்பாத் தகரம். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் சீமெந்தும் குடாநாட்டுக்குத் தடுக்கப்பட்ட பொருட்களில் ஒன்று. கிடைத்ததை வைத்துச் சமாளித்த ஆண்டுகள் அவை. தகரத்தின் மேல் தார். 2002 இல் ஏ-9 பாதை திறந்து சீமெந்து தாராளமாக வந்த பிறகு, யாரோ அந்தத் தாரின் மேல் இரண்டங்குலத் தடிப்பில் சாந்து பூசியிருந்தார்கள். அந்தச் சாந்து நெடுக வெடித்திருந்தது. எங்களுடைய நாற்பது ஆண்டுச் சரித்திரத்தின் ஒரு குறுக்குவெட்டு ஒரு முழ அகலத்தில் கிடந்தது.

சாந்து ஏன் வெடிக்கிறது என்பதில்தான் இந்த விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எட்டடி நீளமான ஓர் அலுமினியத் தகடு மதிய வெயிலில் கொதித்துக் கிடந்து, திடீர் மழையில் 40 பாகை செல்சியஸ் குளிர்ந்தால், அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் சுருங்கும். இரும்புத் தகடு அதிற் பாதியளவு. மரம் ஈரத்தில் ஊதி, வெயிலில் வற்றும். சுவர் தன் அத்திவாரத்தோடு மெல்ல அமரும். இவை அனைத்தும் வெவ்வேறு அளவில் அசைபவை. அசையும் இரண்டை அசையாத சீமெந்தால் ஒட்டினால் ஒட்டிய இடம் பிளக்கும். சிலிக்கன் பசையும் காலப்போக்கில் சுவரைவிட்டுக் கழன்றுவிடும். மூட்டுத் தகடு எதையும் ஒட்டுவதில்லை. மேலிருப்பது கீழிருப்பதன் மேல் கவிந்து நிற்கிறது, அவ்வளவே. நீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்ற ஒரேயொரு நம்பிக்கையில் அது வேலை செய்கிறது.

சுவரை முட்டும் சாய்வில் இந்த நுட்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே தகடு ஒன்றல்ல, இரண்டு. முதலாவது கூரையோடு கிடந்து, சுவரோரமாகக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் மேலெழும். இரண்டாவது, சுவரில் ஓரங்குல ஆழத்துக்கு வெட்டிய காடிக்குள் மடித்துச் செருகப்பட்டு, முதலாவதன் மேல் பாவாடைபோலத் தொங்கும். இரண்டையும் ஒன்றோடொன்று ஆணியடிக்கக் கூடாது. கூரை ஒருபுறமும் சுவர் ஒருபுறமும் தத்தம் போக்கில் அசையட்டும். சுவரோரமாகச் சாய்ந்து ஏறும் பக்கத்திலோ, தகட்டைச் சிறு துண்டுகளாக ஒவ்வொரு ஓட்டு வரியோடும் படிப்படியாக இடுவதே சிறந்த முறை. எங்களூரில் பெரும்பாலும் இதெல்லாம் நடப்பதில்லை. சுவரில் காடி வெட்டாமல் தகட்டை வெறுமனே சாந்தால் ஒட்டிவிடுகிறார்கள். இரண்டு மாரி தாங்கும்.

எந்த உலோகம் என்ற கேள்விக்கு ஊரைப் பொறுத்தே விடை. நாகம் பூசிய இரும்புத் தகடு மலிவானது. ஆனால், கடற்காற்றில் வெட்டிய விளிம்பிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். வாங்குவோர் கேஜ் எண்ணைக் கவனிக்க வேண்டும். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரியாமலிருப்பதால், 24 கேஜுக்குப் பணம் கொடுத்து 28 கேஜைப் பெற்றுச் செல்வோர் உண்டு. அலுமினியம் உப்புக்காற்றை நன்கு தாங்கும். பச்சைச் சீமெந்து பட்டால் மட்டும் அரித்துப்போகும், எனவே இடையில் தார்ப்பூச்சு அவசியம். செம்பு தலைமுறைகளைக் கடக்கும். அதன்மேல் ஓடிய நீர் நாகத் தகட்டிலோ அலுமினியத்திலோ விழுந்தால் அவற்றைத் தின்றுவிடும் என்பதால் கலந்து பாவிக்கலாகாது. ஈயம் மிக மென்மையானது. கையால் தட்டியே ஓட்டின் நெளிவுக்கு இசைவாக வளைத்துவிடலாம். எனினும் கூரைநீரைத் தாங்கியில் சேர்த்துக் குடிக்கும் வீடுகளில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

அந்த ஈயத்தைத்தான் இலண்டனில் வீடு வாங்கிய எம்மவர்கள் தங்கள் புகைக்கூட்டின் அடியில் காண்பார்கள். அங்கே அது நிறப்பட்டியால் அடையாளப்படுத்தி விற்கப்படுகிறது. பொதுவாகப் பயன்படும் நான்காம் இலக்க வகை நீலநிறப் பட்டியுடையது, 1.8 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு துண்டு ஒன்றரை மீற்றருக்கு மேற்படக் கூடாதென்பது விதி. நீளம் கூடினால் சூட்டில் விரிந்து விரிந்து கடைசியில் கிழிந்துவிடும். செலவை மிச்சம்பிடிக்க முழு நீளத்தையும் ஒரே துண்டாக இட்டுச் செல்லும் வேலையாட்கள் அங்கும் உளர். தேவாலயக் கூரைகளிலிருந்து ஈயம் திருடப்படுவது பெருகி, 2013 இல் பழைய உலோக வியாபாரத்துக்கென்றே தனிச்சட்டம் இயற்றவேண்டி வந்தது. கனடாவில் கதை வேறு. அங்கே உறைபனி கூரை விளிம்பில் அணைபோல் இறுக, அதன் பின்னால் உருகிய நீர் தேங்கி மேல்நோக்கி நுழைகிறது. கீழ்நோக்கி மட்டும் காவல் காக்கும் தகடு இதற்குப் போதாது. விளிம்பிலிருந்து மேலே 900 மில்லிமீற்றருக்காவது ஓட்டுக்குக் கீழே நீர்புகா விரிப்பு இடவேண்டும் என்று அங்கே வற்புறுத்துவது இதனால்தான்.

2009 க்குப் பின்னர் குடாநாட்டில் புதிய சந்திகள் பல தோன்றிவிட்டன. பழைய ஓட்டு வீட்டோடு ஒட்டி கொங்கிறீற் தட்டு வைத்த அறை எழுப்புகிறார்கள். குளியலறைக் குழாய் கூரையைத் துளைக்கிறது. சூரிய மின்தகடுகளைப் பொருத்த வருவோர் கூரையில் வரிசையாகத் துளையிடுகிறார்கள். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டுத் தகடு வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் அது தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த தாள்களில் பெரும்பாலும் இருந்ததில்லை. தாளில் இல்லாதது கூரையிலும் இராது.

கொக்குவில் வீட்டில் மேசனார் பழைய அடுக்குகள் நான்கையும் அகற்றினார். உக்கிய பலகையை மாற்றி, நடுவில் ஆணியே படாதவாறு அலுமினியத் தகட்டை இட்டு, கீழ்த்துண்டின் மேல் மேல்துண்டு அரையடி கவியும்படி வைத்தார். ஓட்டு விளிம்புகளுக்கிடையே நான்கு விரல் வாய்க்கால் திறந்தே இருந்தது. அதைச் சாந்தால் மூடினால் ‘வடிவாயிருக்கும்’ என்று அயலவர் ஒருவர் யோசனை சொன்னார். மேசனார் மறுமொழி சொல்லவில்லை. மொத்தச் செலவு ஒப்பந்தகாரரின் மதிப்பீட்டில் பத்திலொரு பங்கையும் எட்டவில்லை. மூன்று நாட்களில் வேலை முடிந்தது. அந்த மூன்று இரவும் ரீச்சர் தன் கட்டிலிலேயே படுத்தார்.

வெளிநாட்டிலிருந்து பெற்றோரின் கூரைக்குப் பணம் அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில், ஒழுகும் மூலையின் ஓட்டைக் கழற்றி அடியிலுள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வயதானவர்களை ஏணியில் ஏறவிடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீற் வேய்ந்த கூரையானால் யாரையும் அதன்மேல் நடக்கவோ உலரவைத்து அறுக்கவோ அனுமதிக்காதீர்கள். பழைய சீற் காலடியில் நொறுங்கும், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. தார் பூசிய ஒட்டுநாடா கடைகளில் கிடைக்கிறது. மழை நடுவே ஒழுக்கை நிறுத்த அது உதவும், வெயில் வந்ததும் தகட்டைக் கவனிக்க வேண்டும். புரட்டாசி முடியுமுன்னர் மூலைப் பீலிகளில் கிடக்கும் வேப்பஞ்சருகை யாரையாவது கொண்டு அள்ளிவிடுங்கள். தேங்கிய சருகின்மேல் ஏறிய நீர் தகட்டின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வருவதற்குப் பெருமழைகூடத் தேவையில்லை.