காற்கழுவும் குழாய்

மலசலகூடத்தைப் பற்றிப் பேச நாணுகின்றோம். அங்கே முதியோர் படும் இன்னலை எவர் அறிவார்? முழங்கால் நோவுற்ற எம் அன்னையார் வாளிக்குக் குனியுந்தோறும், விழுந்துவிடுவாரோ என அஞ்சினோம். ஆகவே, அழுத்தினால் நீர் பீறிடும் கைக்குழாயொன்றைப் பொருத்தினோம்.

வன்னியிலே இதனை வாங்குவோர் சிலவற்றை நோக்குதல் நன்று. தாங்கி பத்து மீற்றர் உயர்ந்தாலே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அமுக்கம் கிட்டும். எம் வீட்டுத் தாங்கிகளோ தாழ்ந்தவை. எனவே குறைந்த அமுக்கத்திலும் இயங்குவதையே தெரிதல் வேண்டும். கிளிநொச்சி, வவுனியாக் கிணறுகள் பலவற்றில் வன்னீரே ஊறுகிறது. அதன் சுண்ணப்படிவு துளைகளை அடைக்கும். வினாகிரியில் ஊறவைத்தால் கரையும். பயன்படுத்தியபின் சுவர் வால்வைப் பூட்டுதல் கட்டாயம். குழாய் வெடித்தால், கோடையிலே தாங்கி முழுதும் வீணாகும்.

இப்பொழுது அன்னையார் எவரையும் அழையாது சென்று வருகின்றார். முதுமையின் மானங்காக்கும் பொருளை அற்பமென்று எள்ளலாமோ?