பழைய வேரும் புது வேரும்

லாச்சப்பலில் எங்கள் வீடு நாலாம் மாடி; முற்றம் இல்லை. ஊரில் அம்மா மாமரத்தில் பொச்சு வைத்துக் கட்டி வளர்த்தவற்றின் நினைவாக, யன்னலோரம் ஒரு ஓர்க்கிட் சாடி வைத்திருக்கிறேன்.

பூத்து முடிந்து, பச்சை நுனியோடு புது வேர் எட்டிப்பார்க்கும்போதுதான் சாடி மாற்றவேண்டும். மண் ஆகாது, மரப்பட்டைத் துண்டுகள் போதும். வேருக்குக் காற்று வேண்டும். அழுகிய வேரை வெட்டுங்கள். பழையதென்றாலும் உறுதியான வேரைத் தொடாதீர்கள். புதியது ஊன்றும்வரை கன்றைத் தாங்குவது அதுதான்.

சாடி மாற்றியபின் இரண்டு மாதம் கன்று அசையவில்லை. பிறகு புது இலை வந்தது. என் மகளும் பள்ளிக்கூடத்தில் முதல் ஆறு மாதம் வாய்திறக்கவில்லை. வீட்டிலும் பிரெஞ்சே பேசுங்கள் என்றார்கள் சிலர். நாங்கள் தமிழை விடவில்லை. இன்று அவளுக்கு இரண்டும் வரும்.

புதிதாக வந்திருக்கும் உறவுகளே, பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்.